வேகம் கூட்டுவதற்கு வாங்கலாமா? பழைய கோல்ஃப் 5 ஜிடிஐ பற்றிய மதிப்புரை

எஞ்சின் திறனைப் பின்னர் கூட்டிக்கொள்ளும் எண்ணத்தோடு பழைய வேகக் கார் தேடும் தென்னாப்பிரிக்க டர்பன் நகரவாசிகளுக்கு, ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், அது எவரும் கைவைக்காத வண்டியாக இருக்க வேண்டும். நான் பார்த்தவற்றில் பல ஏற்கெனவே ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றுதல்) செய்யப்பட்டிருந்தன. யார் செய்தார், எவ்வளவு பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏற்றினார் என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. அப்படிப்பட்ட வண்டிக்குக் கூடுதல் விலை கேட்பது நியாயமே இல்லை.

இதன் 1984 சிசி டர்போ எஞ்சின் 147 கிலோவாட் திறனும் 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. அந்த முறுக்குவிசை நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே முழுமையாகக் கிடைப்பதால் நம்மூர் சாட்ஸ்வொர்த் மேடுகளில் அடிக்கடி கியர் இறக்க வேண்டியதில்லை. மென்பொருளை மட்டும் மாற்றினாலே ஏறத்தாழ 180 கிலோவாட்டை எட்டலாம். அதற்கும் மேல் வேண்டுமானால் ஆடி எஸ்3 காரின் பெரிய கே04 டர்போவைப் பொருத்தலாம். அப்போது எரிபொருள் பம்ப்பையும் கிளட்ச்சையும் வலுப்படுத்தியே ஆக வேண்டும்.

வாங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது கேம் ஃபாலோவர். கேம்ஷாஃப்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டு) உயர் அழுத்த எரிபொருள் பம்ப்புக்கும் நடுவே அமர்ந்திருக்கும் சிறிய எஃகுக் கிண்ணம் அது. பம்ப்பின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் கையில் வந்துவிடும். மேற்பரப்பின் கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தால் நல்லது. நடுவில் வட்டமாகத் தேய்ந்து உலோகம் பளபளத்தால் உடனே மாற்ற வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் கேம்ஷாஃப்டும் பம்ப்பும் சேர்ந்தே பாழாகியிருக்கும். இதைக் கழற்றிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசவே வேண்டாம். கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரும் வண்டிகளில் நம் கடற்கரை உப்புக்காற்றின் துரு இருக்காது என்பது பெரிய நன்மை. ஆயினும், அந்நகரம் சுமார் 1700 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடர்த்தி குறைந்த காற்றில் அதே பூஸ்டை எட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்றிருக்கும். ஆகவே டர்போவின் தண்டு ஆடுகிறதா என்று சோதியுங்கள். அங்கே ரீமேப் செய்த வண்டியாயிருந்தால், இங்கே டைனோவில் (திறனை அளக்கும் உருளை மேடை) ஏற்றி மறுபடியும் சரிபார்க்காமல் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள்.

பதிவுச் சான்றிதழில் கோட் 3 என்றிருந்தால், பெரும்பாலும் விபத்தில் சிதைந்து மறுகட்டமைக்கப்பட்ட வண்டி என்று பொருள். உடற்சட்டம் நேராக உள்ளதா என்ற ஐயம் இருக்கும்போது அதன்மேல் திறனைக் கூட்டுவது உயிருக்கே ஆபத்து என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுங்கள்.