குழந்தைகளோடு அந்தமான்: ஹேவ்லாக்கா, நீல் தீவா?

ஒரு தீவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பிள்ளைகளின் வயதைப் பார்த்து முடிவெடுங்கள்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஹேவ்லாக் (2018 முதல் சுவராஜ் தீவு) சரி. எலிஃபன்ட் கடற்கரைக்குப் படகில் போய், ஸ்நோர்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டி நீரின் மேற்பரப்பில் மிதப்பது) செய்தபடி பவளப்பாறைகளையும் மீன்களையும் பார்க்கலாம். ராதாநகர் கடற்கரையில் மணல் வீடு கட்ட ஒரு மாலை போதாது. காற்று உருளையோடு நீருக்கடியில் போகும் ஸ்கூபா டைவிங்குக்கு மட்டும் பொதுவாக 10 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் சின்னது ஒன்று இருந்தால் கரையில் உட்கார்ந்து அழும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நீல் தீவு சிறியது, அலைச்சல் குறைவு. பரத்பூர் கடற்கரை படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடியில் கண்ணாடி பதித்த படகில் நனையாமலே பவளம் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது லக்ஷ்மண்பூர் பக்கமுள்ள இயற்கைப் பாலம், அதாவது பாலம்போல் வளைந்து நிற்கும் பாறை. கடல் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் நண்டு, கடல் வெள்ளரி (வெள்ளரிக்காய் வடிவக் கடல் உயிரி), குட்டி மீன்கள் எல்லாம் தெரியும். நீர் ஏறியிருக்கும்போது போனால் இதெல்லாம் கிடையாது, உள்ளூரில் நேரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாறை வழுக்கும்; பின்னால் வார் வைத்த செருப்பு நல்லது.

ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் என்றால் என் ஓட்டு நீலுக்குத்தான். அப்புறம், டிசம்பரில் அங்கே ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். எதையும் காலையிலேயே ஆரம்பியுங்கள்.