அப்பாவின் தட்டை எதைக் கொண்டு அளப்பது: கையா, கப்பா, தராசா, கரண்டியா?

அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. இந்த வருடம் மருத்துவர் மாவுச்சத்தை நாளைக்கு 100 கிராமுக்குள் கொண்டுவரச் சொன்னார். அதற்கேற்ப மாத்திரையையும் குறைத்து எழுதிக் கொடுத்தார். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. சோறு குறைந்து மருந்து குறையாமல் இருந்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

சரி, 100 கிராம் என்று சொல்லிவிட்டார். ஆனால் சமையலறையில் யாரும் மாவுச்சத்தை அளப்பதில்லை. சோறு, கூட்டு, தயிர் என்றுதான் பரிமாறுகிறோம். அதைக் கணக்காக்க நான்கு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

முதலில் கை. உள்ளங்கை அளவு கறி அல்லது மீன், மூடிய கையளவு சோறு, கட்டைவிரல் அளவு நெய் என்பார்கள். செலவில்லை, எங்கும் கூடவே வரும். கறி, மீன், முட்டை, கீரைக்கு இதுவே தாராளம். இவற்றில் மாவுச்சத்து மிகக் குறைவு, 50 கிராம் கூடினாலும் கணக்கு கெடாது. பருப்பு வகைக் கொட்டைகளில்தான் கை நம்மை ஏமாற்றும். ‘ஒரு கைப்பிடி முந்திரி’ என்று அப்பா எடுத்ததை நிறுத்தேன்: ஒரு நாள் 28 கிராம், மறுநாள் 46. முந்திரியில் நார்ச்சத்து போக 100 கிராமுக்கு ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து. அப்படியானால் முதல் நாள் ஏழரை, மறுநாள் பன்னிரண்டரை. நாளைக்கு 20 கிராம் என்று கீட்டோ (மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) இருப்பவருக்கு அந்த மறுநாள் பிடியிலேயே பாதிக்கு மேல் போய்விடும்.

எண்ணிச் சாப்பிடுவதும் இதே கதைதான். தமிழ்நாட்டில் பேலியோ (தானியமும் சர்க்கரையும் தவிர்க்கும் உணவுமுறை) பரவியபோது காலைக்கு 100 பாதாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒரு பாதாம் ஒரு கிராமும் இருக்கும், 1.4 கிராமும் இருக்கும். ஆக 100 பாதாம் 100 கிராமாகவும் முடியலாம், 140 ஆகவும் முடியலாம்.

அடுத்து கப். கடையில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 240 மில்லி. பால், தயிர், மோர், ரசத்துக்கு இது அருமை. டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. எண்ணெய்க்கு ஸ்பூனை விட்டால் வேறு வழி தேட வேண்டாம். எண்ணெயில் மாவுச்சத்து கிடையாது என்று தாராளமாக ஊற்றுகிறோம், ஆனால் ஒரு டேபிள்ஸ்பூனில் கிட்டத்தட்ட 120 கலோரி. எடை இறங்காமல் நிற்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கப் தடுமாறுவது சோற்றில். உதிரியாக விழுந்த சோறு ஒரு கப் 160 கிராம் வந்தது, குழைந்ததை லேசாக அழுத்தியபோது 200 கிராமைத் தாண்டியது. பழைய ஆழாக்கும் இதே குணம்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதெல்லாம் அரிசி அளக்க வந்த கணக்கு, வெந்த சோற்றுக்கு வந்ததில்லை.

அப்புறம்தான் டிஜிட்டல் தராசு வாங்கினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “சாப்பாட்டை நிறுக்கிறதாடா, கண்ணு பட்டுடும்” என்றார். தட்டை வைத்து, பூஜ்ஜியமாக்கும் பட்டனை அமுக்கி, சோறு போட்டு, மறுபடி பூஜ்ஜியமாக்கி, பொரியல் போட்டுக் காட்டினேன். இரண்டாம் வாரம் அவரே எண்ணெய்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, தாளித்துவிட்டுத் திரும்ப வைத்து, “கழித்தல் 18 காட்டுதுப்பா” என்றார். அந்த 18 கிராம்தான் வாணலிக்குப் போன எண்ணெய்.

தராசு சரியாகத்தான் காட்டும், தப்பு நாம் பார்க்கும் அட்டவணையில் வரும். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம், 100 கிராம் சோற்றில் 28. சோற்றை நிறுத்துவிட்டு அரிசிக் கணக்கை எழுதினால் இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிடும். நார்ச்சத்திலும் குழப்பம் உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் மாவுச்சத்து நார்ச்சத்தைக் கழித்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க அட்டவணையில் அது நார்ச்சத்தும் சேர்ந்த எண். நம்முடையதைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை நார்ச்சத்தைக் கழித்தால், சாப்பிட்டதைவிடக் குறைவாகச் சாப்பிட்டதாகக் கணக்கு வரும்.

தராசுக்கு உள்ள பெரிய சிக்கல் நம் சமையல்தான். கோழித் துண்டை நிறுக்கலாம், ஐந்து பேருக்கு ஒரே பாத்திரத்தில் கொதிக்கும் கூட்டில் அப்பாவின் பங்கை எப்படி நிறுப்பது? இதற்குத்தான் எங்கள் வீட்டுக் கரண்டி உதவியது. நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

சுரைக்காய்க் கூட்டு வைத்த அன்று பாசிப்பருப்பு 100 கிராம், சுரைக்காய் 500, தேங்காய்த் துருவல் 50. மாவுச்சத்து மொத்தம் சுமார் 65 கிராம். வெறும் பாத்திரம் 480 கிராம், கூட்டோடு 1,380. ஆக கூட்டு 900 கிராம், 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் மாவுச்சத்து. அம்மா எப்போதும் பரிமாறும் குழிக்கரண்டியில் ஒன்று எடுத்தால் 90 கிராம், அதாவது ஆறரை கிராம் மாவுச்சத்து. அதே கரண்டியில் சோற்றைத் தலைதட்டி எடுத்தால் 75 கிராம், மாவுச்சத்து 21. குவித்து எடுத்தால் 120 கிராம், 34. தலை தட்டுவதா குவிப்பதா என்பதிலேயே 13 கிராம் வித்தியாசம்! பாத்திரங்களின் வெற்று எடையையும் கரண்டிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இப்போது தினமும் தராசு வெளியே வருவதில்லை. மாதம் ஒருமுறை சரிபார்க்கவும், புதிதாக ஏதாவது சமைத்தாலும், முந்திரி பாதாம் எடுக்கும்போதும் மட்டும் வருகிறது.

தராசு வாங்குபவர்களுக்கு ஒன்று. சமமான கல்மேடையில் வையுங்கள், பேட்டரி தேயும்போது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். தேங்காய்த் துருவலைத் துளித்துளியாகப் போட்டால் சில தராசுகள் கூடுவதைக் கவனிப்பதே இல்லை. கிண்ணத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தால் சரியான எடை தெரியும்.

கல்யாணப் பந்தியில் தராசும் கிடையாது, நம் வீட்டுக் கரண்டியும் கிடையாது. அங்கே கைதான். அப்பாவின் மூடிய கையளவுக்குச் சோற்றைக் குவித்து வீட்டில் ஒருமுறை நிறுத்து வைத்திருக்கிறோம்: 160 கிராம், மாவுச்சத்து 45. போன மாதம் ஒரு கல்யாணத்தில் சோற்று வாளி இலைக்கு வந்தபோது, அப்பா கையை மூடிக் காட்டி, “இவ்வளவுல பாதி போடுங்க தம்பி” என்றார். பரிமாறிய பையன் புரிந்துகொண்டு ஒரு சின்னக் கரண்டி வைத்துவிட்டு, அடுத்த சுற்றில் அவியலை அள்ளி வைத்தான்.