25 சென்ட் கரி: சிரட்டை ஆக்டிவேட்டட் கார்பன், மூணு மாசம் போட்டுப் பார்த்த பிறகு

தக்கலையில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் ரெண்டரை அடி மீன் தொட்டி ஒன்று உண்டு. சுமார் 80 லிட்டர் தண்ணீர், நாலு கோல்ட் ஃபிஷ், மேலே ஒரு டாப் ஃபில்டர். கரண்ட் போய் வாடிக்கையாளர்கள் காத்துக்கிடக்கும்போது அவர்களை உட்கார வைக்கிற வேலை அதுக்குத்தான். போன மழைக்காலத்தில் அழகுக்கென்று ஒரு மரக்கட்டையை வாங்கி உள்ளே போட்டேன். சருவத்தில் போட்டு அவிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை அவித்தேன், சோம்பலில் அதோடு விட்டுவிட்டேன். பத்தே நாளில் தொட்டி கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. “மீனுக்கு சாயா ஊத்தினியா?” என்று கேட்காத ஆள் இல்லை.

அந்தச் சாயத்தை எடுக்க நாகர்கோவிலில் ஒரு வண்ணமீன் கடையில்தான் இந்தக் கரியை எடுத்துத் தந்தார்கள். சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன், குருணை குருணையாக, 250 கிராம் 140 ரூபாய், கூடவே ஒரு வலைப்பை. அதற்கு முன்னால் ஆன்லைனில் வாங்கிய வேறொரு பாக்கெட் மோசம். அது நிலக்கரியில் செய்த ரகம். பக்கெட்டில் போட்டு எட்டுத் தடவை அலசியும் மை போலக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. கை நகத்திலிருந்து போக ரெண்டு நாள் ஆச்சு. அந்தக் கையோடு ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிரட்டைக் கரி கெட்டியானது, விரலில் வைத்து நசுக்கினால் சட்டென்று பொடியாகாது. மூணாவது அலசலிலேயே தண்ணீர் தெளிந்துவிட்டது. அலசாமல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பக்கத்தில் இஸ்திரி போடும் அண்ணாச்சி பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். “எடே, நம்ம பெட்டியில போடுத கரிதானே இது? இதுக்குப் போயா 140 ரூவா குடுத்த?” நியாயமான கேள்விதான். நம்ம ஊரில் சிரட்டை அடுப்புக்குப் போகும், மிஞ்சினால் இஸ்திரிப் பெட்டிக்குப் போகும். ஆனால் இந்தக் கரியை மறுபடியும் 800, 1000 டிகிரி சூட்டில் நீராவி விட்டு வேக வைக்கிறார்கள். அப்போது உள்ளுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரியில் இருக்கும் அந்தத் துளைகளின் சுவரையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும், நம்ம கணக்கில் 25 சென்ட். “தக்கலையில 25 சென்ட் என்ன விலைக்குப் போகுது அண்ணாச்சி?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பெட்டியைத் தேய்க்கப் போனார். தண்ணீரில் கரைந்திருக்கும் கட்டைச் சாயமும் வாடையும் அந்த 25 சென்டில் போய் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான் சூட்சுமம்.

வேலை செய்ததா? ஒரு ஏ4 தாளைத் தொட்டிக்குப் பின்னால் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். கரி போடுவதற்கு முன்னால் தாள் பழைய பத்திரம் மாதிரி மஞ்சளாகத் தெரிந்தது. மூணாம் நாள் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரிந்தது. மீன் தொட்டிக்கே உரிய அந்த ஊசல் வாடையும் போச்சு. ஃபில்டரில் பஞ்சு மேலேயும் கரி அதற்குக் கீழேயும் இருக்கணும். மாற்றி வைத்தால் மீனின் கழிவு கரியை அடைத்துவிடும். 24ஆம் நாள் தாளில் மறுபடியும் லேசாக மஞ்சள் தட்டியது, கரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காய வைத்தோ அடுப்பில் வாட்டியோ அதைப் பழையபடி ஆக்க முடியாது. நான் கொண்டுபோய் ரோஜாத் தொட்டியில் கொட்டிவிட்டேன்.

இனி கோபத்துக்கு வருகிறேன். ஒரு மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்தது. வேறொரு கடையில் நீல மருந்து கொடுத்தார்கள், மெத்திலீன் ப்ளூ. அடுத்த பாக்கெட் கரியையும் அதே கையோடு அதே கல்லாவில்தான் பில் போட்டார்கள். ராத்திரி தொட்டி முழுக்க நீலமாக விட்டுவிட்டுப் போனேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பச்சைத் தண்ணி மாதிரி தெளிந்து கிடக்கிறது! மருந்தையெல்லாம் கரி குடித்துவிட்டது. மருந்து போடும் நாட்களில் கரியை வெளியே எடுக்கணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போய்க் கேட்டதற்கு, “அது எல்லாருக்கும் தெரியுமே சார்” என்றார்கள். எனக்குத் தெரியாதே! மீன் பிழைத்தது, மருந்துக் காசு போச்சு.

இன்னொரு சங்கதி. ஒருநாள் ஃபில்டர் பஞ்சையும் கல்லையும் குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். ரெண்டு நாளில் தொட்டி கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்துக் கலங்கியது. புதுக் கரி போட்டும் அசையவில்லை. அந்த வெள்ளைக் கலங்கல் பாக்டீரியா பெருகுவதால் வருவது, அதைப் பிடிக்கக் கரியால் ஆகாது. பாசி பிடித்துப் பச்சையாகும் தண்ணீருக்கும் இதே கதிதான். அம்மோனியாவையும் இது எடுக்காது. ஆகவே கரி போட்டாச்சே என்று வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிட வேண்டாம். தீனியைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்தேன், அஞ்சு நாளில் தானாகவே தெளிந்தது.

கரிக்கு அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். கூட வந்த வலைப்பைக்கு ஒன்று கூடக் கிடையாது. கண்ணி பெரிசு, குருணை ஒவ்வொன்றாக நழுவித் தொட்டிக்குள் விழுந்து, கோல்ட் ஃபிஷ் அதைத் தீனி என்று வாயில் கவ்வித் துப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் வீட்டுப் பழைய கொசுவலையை ரெண்டாக மடித்துத் தைத்துக்கொண்டேன். அடுத்த தடவை பை வேண்டாம், பத்து ரூபாய் குறையுங்கள் என்று கேட்டுப் பார்க்கணும்.