சனிக்கிழமை துரத்தல் ரேஸ்: ஐந்து வாரம் ஓட்டியதில் தெரிந்தது

வீட்டுக்குள் டிரெய்னரில் மாட்டிய சைக்கிளை மிதித்து ஆன்லைனில் ரேஸ் ஓட்டும் ஸ்விஃப்ட் ஆப்பில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நம்மூர் குழு ஒன்று துரத்தல் ரேஸ் நடத்துகிறது. ஆப் சந்தா போக மாதம் 300 ரூபாய். மெதுவாக ஓட்டுபவர்கள் முதலில் கிளம்புவார்கள், வேகமானவர்கள் இடைவெளி விட்டுப் பின்னால் துரத்துவார்கள், முடிவுக் கோட்டை யார் முதலில் தாண்டுகிறாரோ அவர்தான் ஜெயித்தவர். ஈசிஆருக்கு விடிகாலை நாலரைக்குக் கிளம்ப முடியாத என் மாதிரி ஆட்களுக்கு, வேளச்சேரி மூன்றாவது மாடியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு லிட்டர் வியர்வை சிந்தி ரேஸ் ஓட்ட முடிகிறது என்பதே பெரிய விஷயம்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் சக்தி மிதிக்கிறோம் என்பதை வைத்து ஏ முதல் டி வரை பிரிவுகள், ஏ தான் வேகமானது. நான் டி பிரிவு, கிலோவுக்கு 2.4 வாட். ஏ பிரிவு 4 வாட்டும் அதற்கு மேலும். சாதாரண ரேஸில் இவர்களோடு கிளம்பினால் இரண்டாவது நிமிடமே தனியாகிவிடுவேன். இங்கே கடைசி வரை பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற பயத்திலேயே மிதிக்கிறேன், இதுவரை எந்த ரேஸிலும் இப்படி ஓட்டியதில்லை.

சிக்கல் இடைவெளியில்தான். டி கிளம்பி 2 நிமிடத்தில் சி, 4-ல் பி, 6-ல் ஏ. எந்த ரூட் என்றாலும் இதே கணக்கு. டெம்பஸ் ஃப்யூஜிட் மாதிரி சமதளத்தில் இது அருமையாக அமைந்தது, ஏனென்றால் அங்கே காற்றைத்தான் கிழிக்க வேண்டும்; 60 சதவீதம் அதிக வாட் கொடுத்தாலும் வேகம் 17 சதவீதம் அளவுக்குத்தான் கூடும். கடைசி ஒன்றரை கிலோமீட்டரில்தான் ஏ கூட்டம் எங்களைப் பிடித்தது. அப்புறம் மூன்றாவது வாரம் ஆல்ப் டு ஸ்விஃப்ட் வைத்தார்கள். 12 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏற்றத்தில் டிராஃப்ட், அதாவது முன்னால் போகிறவர் பின்னால் ஒட்டிப் போய்க் காற்றைத் தவிர்ப்பது, கிட்டத்தட்ட உதவாது, கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான் எல்லாம். 4 வாட் ஆள் 50 நிமிடத்தில் ஏறும் மலையை நான் 75 நிமிடத்துக்கும் மேல் ஏறுகிறேன், எனக்குக் கொடுத்த முன்னிலை 6 நிமிடம்! 21 வளைவில் ஐந்தாறு தாண்டுவதற்குள் ஏ ஆட்கள் என்னைக் கடந்து போய்விட்டார்கள், மீதி மலையைத் தனியாக ஏறினேன்.

ஆள் எண்ணிக்கையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வாரம் டி-யில் மூன்றே பேர், பின்னால் பி-யில் பதினோரு பேர் மாறி மாறி முன்னால் வந்து இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் எங்களுக்கு இன்னும் ஒரு நிமிடமாவது சேர்த்துக் கொடுக்க வேண்டாமா?

ஆப்பில் இதை மீட்டப்பாக, அதாவது குழுவாகச் சேர்ந்து ஓட்டும் நிகழ்வாகப் போடுவதால் எல்லோருக்கும் தொடக்க நேரம் ஒன்றுதான். வாட்ஸப் காலில் ஒருவர் எண்ணி ஒவ்வொரு பிரிவாகக் கிளப்பிவிடுகிறார், மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை மிதிக்காமல் நிற்கிறார்கள். வார்ம் அப் செய்த கால் 6 நிமிடத்தில் ஆறிவிடுகிறது என்று ஏ ஆட்கள் புலம்புகிறார்கள், அது நியாயமான புலம்பல். ஒரு வாரம் எல்லோரையும் ஒன்றாக வைத்திருக்கும் ஆப்ஷனை அணைக்க மறந்துவிட்டார்கள். இடைவெளி விட்டுக் கிளம்பியவர்கள் எல்லோரும் ஒரே கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தோம், சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆப்பில் தங்கள் எடையை நாலு கிலோ குறைத்துப் போட்டுக்கொள்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனியாக ஒரு ரிவ்யூ எழுத வேண்டும்.

நடத்துபவர்கள் நல்லவர்கள், கேட்டால் பதில் சொல்கிறார்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், சமதள வாரத்துக்கு மட்டும் என்றால் நாலரை. பழைய ரேஸ்களில் ஒவ்வொரு பிரிவும் அந்தந்த ரூட்டை எத்தனை நிமிடத்தில் முடித்தது என்று அவர்களிடமே இருக்கிறது, அந்த வித்தியாசத்தையே இடைவெளியாக வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். "பார்க்கலாம் சார், அடுத்த மலை ரூட்டுக்கு முயற்சி பண்றோம்" என்றார்கள். இந்த வாரம் சமதளம், அதனால் பணம் கட்டிவிட்டேன்.