நூறு வெள்ளி ஹேமரும் மற்ற சாமான்களும்

வாட்ஸ், வோல்ட், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று டிரில் பெட்டி முழுக்கக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு அதில் பாதி தேவையில்லை. கடையில் நான் கேட்பது ஒன்றுதான்: இதை வைத்துக் கான்கிரீட் சுவரில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட எவ்வளவு நேரம் சத்தம் கேட்கும்? சில விநாடிகளில் முடிந்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் காதில் விழுந்தும் விழாமல் போய்விடும். ஐந்து நிமிடம் கதறினால் மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு எல்லோரும் கதவைத் திறந்து பார்ப்பார்கள். விலை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

வீவக புதுப்பிப்பு விதிகளின்படி அதிகச் சத்தம் வரும் வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. அலமாரி மாட்ட நாலு ஓட்டை போடுவது பெரிய புதுப்பிப்பு வேலை இல்லைதான். ஆனாலும் அந்த நேரக் கணக்கை மனத்தில் வைத்துச் சாமான் வாங்கினால் யாரோடும் மனத்தாங்கல் வராது.

நான் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே கம்பெனி சாமான், உடைந்தால் ஸ்டோரில் போய் வேறு வாங்கிக்கொள்ளலாம். இங்கே சொந்தக் காசு. செங்காங் வீட்டில் என் பட்டறை என்பது பாம் ஷெல்ட்டருக்குள் (வீட்டோடு கட்டித் தரும் தற்காப்பு அறை) ஓர் இரும்பு ரேக், சர்வீஸ் யார்டில் ஒரு மடக்கு மேசை, அவ்வளவுதான். அண்ணன் மகனுக்குத் தெங்காவில் பிடிஓ வீட்டுச் (முன்பதிவு செய்தபின் கட்டித் தரும் வீவக வீடு) சாவி கிடைத்திருக்கிறது. "சித்தப்பா, ஆன்லைன்ல டிரில்லோட சேர்த்து எல்லாச் சாமானும் ஒரே பெட்டியில 60 வெள்ளிக்குப் போடறான், வாங்கிடட்டுமா?" என்று படம் அனுப்பினான். "வேணாம்டா, என்ன வாங்கணும்னு நான் எழுதி அனுப்பறேன்" என்றேன். அவனுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே தருகிறேன்.

அந்தப் பெட்டியில் வரும் டிரில் 'இம்பாக்ட் டிரில்' வகை. உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உரசித் துள்ளும். அதிலிருந்துதான் அடி வருகிறது. நிமிடத்துக்கு 40,000 தட்டுக்கு மேல் என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தட்டும் சின்னது. செங்கல் சுவருக்குச் சரி. வீவக கான்கிரீட்டில் தோளைக் கொடுத்து அழுத்தினாலும் நகராது, சத்தம் மட்டும் கட்டடம் முழுக்கப் போகும். ரோட்டரி ஹேமர் வேறு. அதில் பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டைத் தூக்கி அடிக்கிறது. தட்டு எண்ணிக்கை நாலாயிரம், ஐயாயிரம்தான், ஆனால் ஒவ்வொன்றும் அடி. நாம் அழுத்தவே வேண்டாம், நேராகப் பிடித்தால் போதும். அதனால் ரோட்டரி ஹேமர் வாங்கும்போது வாட்ஸைப் பார்ப்பதை விட ஜூல் (ஒவ்வோர் அடியின் பலம்) எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு ஜூல் அளவில் இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம்.

நான் வைத்திருப்பது ஜாலான் புசார் பக்கம் நூறு வெள்ளியை ஒட்டி வாங்கிய ஒரு சீனத் தயாரிப்பு, வயர் வைத்தது. எஸ்டிஎஸ் பிளஸ் சக் (பிட்டைத் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் வாய்), மூன்று கிலோவை நெருங்கும் கனம். முதலில் சில நாள் கியர் கிரீஸ் வாடை அடித்தது. வயர் விறைப்பாக இருக்கும், சுருட்டினால் அடங்காது. இவ்வளவுதான் குறை. பிட் (ஓட்டை போடும் முனை) சுவருக்குள் சிக்கிக்கொண்டால் கையை முறுக்காமல் நழுவிக்கொடுக்கும் கிளட்ச் இருக்கிறது. அது இல்லாத மாடலை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கும் சாமானுக்குப் பெரிய பிராண்டுக்கு இரண்டு மடங்கு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தினமும் சைட்டில் வேலை செய்கிறவர் என்றால் பாஷ், மக்கீட்டா வாங்கட்டும், அது அவருக்குப் பிழைப்பு.

மிச்சப்படுத்திய காசைப் பிட்டில் போடுங்கள். ஹேமரோடு இனாமாக வரும் பிட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, நுனியில் கார்பைட் வைத்த நல்ல 6 மில்லிமீட்டர் பிட் ஒன்று தனியாக வாங்குங்கள். நாலு வெட்டு முனை உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் தட்டினாலும் சீக்கிரம் சிக்காது. எஸ்டிஎஸ் தண்டு 10 மில்லிமீட்டர், அதில் கொஞ்சம் கிரீஸ் தடவித்தான் மாட்ட வேண்டும். திருகாணிக்குப் பிடிமானமாகச் சுவர் ஓட்டைக்குள் சொருகும் பிளக்கும் அப்படித்தான். ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் 1958இல் கொண்டுவந்த சாம்பல் நிற நைலான் பிளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டையாக விற்கும் மலிவு பிளக்கைக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். மலிவானது திருகும்போதே கூடச் சேர்ந்து சுற்றும்.

ஓட்டை போடுவது பற்றிச் சில வார்த்தை. சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே போடாதீர்கள், உள்ளே வயர் போகும். கம்பியில் தட்டி நின்றால் மல்லுக்கட்ட வேண்டாம், இரண்டு விரல் தள்ளி வேறு இடம் பாருங்கள். டைல் மேல் ஹேமர் அடியை மட்டும் அணைத்துவிட்டு டைல் பிட்டால் மெதுவாகச் சுற்றி, டைல் தாண்டிய பிறகு அடியைப் போடுங்கள். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது; கோவிட் காலத்து என்95 முகக்கவசம் வீட்டில் மிச்சம் இருக்குமே, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பாம் ஷெல்ட்டரைப் பொறுத்தவரை, 1998 முதல் புது வீடுகளில் வருகிற அந்த அறையின் சுவரை உடைக்கவோ இரும்புக் கதவைக் கழற்றவோ கூடாது, ஓட்டை போடவும் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் உண்டு. ரேக் நின்றுகொள்ளும், சுவர் எதற்கு?

பேட்டரி டிரில் திருகாணிக்கு மட்டும். 12 வோல்ட் போதும், ஐக்கியா அலமாரி எல்லாம் கோர்த்துவிடலாம். இங்கேதான் ஏமாற்று அதிகம். '20 வோல்ட் மேக்ஸ்' என்பதும் '18 வோல்ட்' என்பதும் ஒன்றுதான்: உள்ளே ஐந்து லித்தியம் செல், முழுதாகச் சார்ஜ் ஆன நேரத்து எண்ணை ஒருவர் போடுகிறார், சராசரி எண்ணை இன்னொருவர் போடுகிறார். அதைக்கூட மன்னிக்கலாம். ஆன்லைனில் '48விஎஃப்', '98விஎஃப்' என்று வருகிறதே, அது வோல்ட்டே இல்லை, விற்பனைக்கு வைத்த பெயர். திறந்தால் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான் இருக்கும். இன்னொன்று, ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொரு கம்பெனி உடம்பில் உட்காராது. முதல் பேட்டரி டிரில் வாங்கும் அன்றே அடுத்த சாமான் எந்தக் கம்பெனியில் என்பதும் முடிவாகிவிடுகிறது. ஆகவே டிரில் விலையைப் பார்க்காமல் தனிப் பேட்டரி என்ன விலை, இரண்டு வருடம் கழித்துக் கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கைச் சாமான்களில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை, மலிவு போதும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ரசமட்டத்தைக் கடை மேசையிலேயே வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் அதே இடத்தில் இடவலமாகத் திருப்பி வையுங்கள். குமிழி அதே பக்கம் அதே அளவு நின்றால் மட்டம் சரி, மேசைதான் கோணல். மாறி நின்றால் திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள். அளவு டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும்; அது பழுது இல்லை. உள்பக்கம் வைத்து அளந்தாலும் வெளிப்பக்கம் மாட்டி அளந்தாலும் கொக்கியின் கனம் கணக்கில் வராமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். டேப் முகப்பில் ரோமன் இரண்டு போட்டிருந்தால் 5 மீட்டரில் 1.3 மில்லிமீட்டருக்கு மேல் பிசகாது. ஸ்க்ரூ டிரைவரில் ஒன்றே ஒன்று: ஐக்கியா திருகாணி பெரும்பாலும் போஸிடிரைவ். கூட்டல் குறிக்கு நடுவே சாய்வாக மெல்லிய கோடுகள் இருக்கும். அதற்கு பிஇசட் 2 முனை வேண்டும். வழக்கமான பிலிப்ஸ் முனையால் திருகினால் தலை மழுங்கிப்போகும், கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

இரவில் மரம் அறுக்க வேண்டுமா? ஜப்பானிய இழுவை ரம்பம் வாங்குங்கள். தள்ளும்போது அறுக்காது, இழுக்கும்போது அறுக்கும். அதனால் தகடு மெல்லிசாக இருக்கலாம், தூள் குறைவு, சத்தமும் குறைவு. மேசைக் காலுக்கு அடியில் ரப்பர் பாய் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு அறுத்திருக்கிறேன், மனைவிகூட எழவில்லை. ஜிக்சா என்கிற மின் ரம்பம் வைத்திருந்தால் நடக்குமா? டைசோ கடையில் 2 வெள்ளி 18 காசுக்குக் கிடைக்கும் உப்புத்தாள், பிரஷ், சின்ன கிளாம்ப் எல்லாம் தாராளமாக வாங்கலாம். அங்கே ஸ்பேனர் மட்டும் வேண்டாம்.

இரும்பு அறுக்கும் கிரைண்டர் வீவக வீட்டுக்குத் தேவையில்லை என்பது என் கட்சி. தீப்பொறி திரைச்சீலையில் விழும். அப்படியும் வாங்குவேன் என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி அடித்திருக்கும். 100 மில்லிமீட்டர் டிஸ்க்கில் உச்ச வேகம் 15,300 ஆர்பிஎம் என்றும் இருக்கும். தள்ளுபடிக் கூடையில் கிடப்பவற்றில் பல தேதி தாண்டியவை. பட்டறையில் டிஸ்க் வெடித்து முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் கவசம் இரண்டாகப் பிளந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

எங்கே வாங்குவது? முஸ்தபா கடையில் சின்னச் சாமான் நன்றாகக் கிடைக்கும், தேக்காவுக்கு மளிகைக்குப் போகும்போதே பார்த்துவிடலாம். மெஷின் என்றால் ஜாலான் புசார் கடைத்தெரு. தவுக்கே (கடை முதலாளி) கண்ணெதிரே பிளக்கைச் சொருகி ஓட்டிக் காட்டுவார், இந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்து வெள்ளி கூடக் கொடுக்கலாம். மல்டிமீட்டர், சால்டரிங் என்றால் பக்கத்திலேயே சிம் லிம் டவர். பழைய சாமானுக்குச் சுங்கை ரோடு சந்தை இருந்தது, 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள், இப்போது கெரோசல் என்கிற ஆன்லைன் சந்தைதான். பொருளைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் மட்டும் பழசே வாங்குங்கள், பழைய வார்ப்பிரும்பு புதுசை விடக் கெட்டி. தாடையைப் பாதி திறந்துவிட்டு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், அதிகம் ஆடாமல் இருந்தால் சரி.

வெளிநாட்டு ஆன்லைன் விலை முன்பு போல லாபம் இல்லை. 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பார்சலுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. உள்ளூர்க் கடையில் வாங்கினால், பழுதான சாமான் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் துணைக்கு வரும். 2012 செப்டம்பரில் வந்தது. ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் வாங்கும்போதே இருந்த பழுது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) வாங்கிய பேட்டரி ஸ்க்ரூ டிரைவரின் சுவிட்ச் இரண்டாம் மாதமே செத்துவிட்டது. "ஏழு நாள்தான் அங்கிள், ரசீதில் இருக்கு பாருங்க" என்றான் பையன். லெமன் சட்டம் என்று சொன்னதும் உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டுப் புதுசு எடுத்துக்கொண்டு வந்தான். கெரோசலில் தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் செல்லாது.

ஊருக்கு எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு: இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் வேறு. டிரில்லைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கழற்றிய பேட்டரியைக் கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் விமான நிறுவனத்திடம் அனுமதி வேண்டாம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 90, உள்ளே வந்துவிடும். 6 ஆம்பியர்-ஹவர் என்றால் 108. திருச்சி விமானத்துக்குக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.