வாங்குவதா, நூலகமா, போனா?

பிள்ளைக்கு வாசிப்பில் ஆசை வர என்ன செய்வது என்று யோசிக்கும் பெற்றோர் கையில் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. புத்தகம் வாங்கித் தரலாம், நூலகத்துக்குக் கூட்டிப்போகலாம், போனிலேயே கதை திறந்து கொடுக்கலாம். எது மேல் என்பது பிள்ளையின் வயதைப் பொறுத்தது.

மூன்று, நான்கு வயதில் வாங்குவதற்கே என் ஓட்டு. அந்த வயதில் ஒரே கதை தினமும் வேண்டும். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். நூலகப் புத்தகத்தை அப்படி மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. பக்கம் கிழிந்துவிடுமோ என்ற பதற்றம் வேறு. நிறைய வாங்க வேண்டியதில்லை, பத்துப் பன்னிரண்டு போதும். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. தூலிகாவின் படப் புத்தகங்களில் பல தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வருகின்றன. சென்னை புத்தகக் காட்சி வரை காத்திருந்தால் 10 சதவீதம் தள்ளுபடியும் கிடைக்கும்.

ஏழெட்டு வயதுக்கு மேல் கணக்கு மாறிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் என்றால், "இதை முடிச்சாத்தான் அடுத்தது" என்று நாமே நச்சரிக்க ஆரம்பிப்போம். பிடிக்காததைப் பாதியில் போடக்கூடாது என்றால் பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தொடவே யோசிக்கும். நூலகத்தில் அந்தத் தொல்லை இல்லை. அட்டை பிடித்திருக்கிறதே என்று எடுக்கலாம், இரண்டு பக்கத்தில் சலித்தால் அலமாரியிலேயே வைத்துவிடலாம். சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் கட்டத்தான் செய்கிறோம், பயன்படுத்தாமல் விடுவானேன்?

ஆனால் எல்லாக் கிளை நூலகமும் ஒன்றுபோல இருக்காது. பல இடங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மேசைகளை நிறைத்திருக்க, சிறுவர் நூல்கள் ஒற்றை அலமாரியில் ஒடுங்கியிருக்கும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே அழகான பகுதி உண்டு. போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் பழக்கம் படிவது நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் நூலகத்தில். கிளம்பும் முன் ஒன்று: பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு அல்ல.

எதை எடுத்தாலும் வகுப்பைப் பார்த்து எடுக்காதீர்கள். ஆங்கில வழியில் ஐந்தாவது படிக்கும் பிள்ளை தமிழில் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும் என்றால், இரண்டாம் வகுப்புக்கான கதையே சரி. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வகுப்பு எண் இல்லாததால் கீழ்ப்படியில் இருக்கும் பிள்ளைக்கும் கூச்சம் வராது.

அப்புறம் போன். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம், எல்லாம் இலவசம், வாசிப்பு நிலைவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். குறை கதைகளில் இல்லை, கருவியில் இருக்கிறது: அதே திரையில் யூடியூபும் இருக்கிறதே! அதனால் போனைப் பிள்ளையிடம் கொடுக்காமல் நாமே பிடித்துக்கொண்டு, தூங்கப் போகும் நேரத்தில் வாசித்துக் காட்டலாம். பிடித்துப்போன கதையைப் பதிவிறக்கி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துப் பின் அடித்துக் கொடுத்தால் அதுவும் ஒரு புத்தகம்தான்.