கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸ்: யாருக்கு வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

மெடிக்கல் ஷாப்பில் போய் "கால் பிசகிருச்சு, ஒரு சப்போர்ட் குடுங்க" என்று கேட்டால் மூன்று விதமான சாமான்களை எடுத்துப் போடுவார்கள். சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டும் எலாஸ்டிக் ஆங்க்லெட், சுற்றிக் கட்டும் கிரேப் பேண்டேஜ், ஷூ போல முன்பக்கம் கயிறு கோத்து இருபுறமும் வெல்க்ரோ பட்டை தைத்த பிரேஸ். வாலிபாலோ பாஸ்கெட்பாலோ ஆடும் பிள்ளைக்குச் சுளுக்கு ஆறி, மறுபடி கிரவுண்டுக்கு அனுப்பும் நேரத்தில் காசு போட வேண்டியது இந்த மூன்றாவதில்தான். விலை கூடுதல், மாட்ட நேரம் பிடிக்கும், ஷூவுக்குள் இடத்தை அடைக்கும். அப்படியும் வாங்கலாம்.

காரணம், கால் பிசகும் விதம். குதித்து இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்க, உடம்பின் பாரம் முழுக்க வெளிக்கணுவின் மேல் சாயும். வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கிற ஜவ்வுதான் பெரும்பாலும் முதலில் கிழியும். எலாஸ்டிக் ஆங்க்லெட் கதகதப்பாகப் பிடித்திருக்கும். ஆனால் பாதம் மடங்குவதைத் தடுக்கும் விறைப்பு அதில் இல்லை. கயிறு பிரேஸில் அந்த விறைப்பு உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாஸ்கெட்பால் ஆடிய 1,460 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்து, 2011-ல் வெளியான ஆய்வில், இவ்வகை பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் ஏற்பட்ட விகிதம் போடாதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அப்படியும் அடிபட்டவர்களுக்குக் காயத்தின் கடுமை மட்டும் குறையவில்லை. ஆக, இது காயம் வராமல் காப்பது. வந்த காயத்தை ஆற்றுவதல்ல.

இங்கேதான் பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள். பிசகிய அன்றே பிரேஸ் வாங்கி, வீங்கிய காலில் இறுக்கிக் கட்டி, மூன்றாம் நாள் ஆட விடுகிறார்கள். வளரும் பிள்ளைக்கு எலும்பு நுனியில் வளர்குருத்து (எலும்பு நீண்டு வளரும் இடம், growth plate) இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14, 15 வயது வரையும் பையன்களுக்கு 16, 17 வரையும் அது மூடியிருக்காது. பெரியவர்களுக்கு ஜவ்வு கிழியும் அதே அடியில் பிள்ளைக்குக் குருத்து அடிபடலாம். விலகாமல் அடிபட்டிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதனால் முதலில் விரலால் அமுக்கிப் பாருங்கள். கணு எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை எங்காவது எலும்பிலேயே வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் நடுவே துருத்தியிருக்கும் எலும்பில் வலிக்கிறதா? நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலோ, நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, பிரேஸ் கடைக்கு அல்ல, எலும்பு டாக்டரிடம் போங்கள். யாரையாவது கூப்பிட்டு எண்ணெய் போட்டு உருவி விடுவது இந்தக் கட்டத்தில் கூடவே கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி நீவினால் உள்ளே கசியும் ரத்தமும் வீக்கமும் கூடும். முறிவு இருந்தால் விலகியும் போகலாம்.

அந்த நாட்களுக்குப் போதுமானது கிரேப் பேண்டேஜ்தான். 8 அல்லது 10 செ.மீ. அகலம் வாங்கி, விரல்களுக்குக் கீழே தொடங்கி, முந்தைய சுற்றில் பாதியை மூடியபடி, குதிகாலை எட்டு வடிவில் சுற்றி மேலேற வேண்டும். விரல் நுனி வெளியே தெரியட்டும். நகத்தை அமுக்கி விட்டால் இரண்டு நொடியில் சிவப்பு திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் இறுக்கம் அதிகம். வலி ஸ்பிரே அடித்து அதன்மேல் பேண்டேஜ் சுற்றாதீர்கள். மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் மூடிய தோலைப் புண்ணாக்கிவிடும்.

இனி பிரேஸுக்கு வருவோம். அளவில்தான் முதல் தவறு நடக்கும். சில தயாரிப்புகளுக்கு ஷூ அளவு, சிலவற்றுக்குக் குதிகாலையும் மேற்பாதத்தையும் சேர்த்துச் சுற்றிய அளவு. பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து டேப் வைத்து அளந்தே வாங்குங்கள். "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசா குடுங்க" என்பது சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது. தொளதொளத்தால் பிடிமானமே இல்லை.

மாட்டும்போது காட்டன் சாக்ஸ் போட்டு, உட்கார்ந்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் சமமாக வைக்கவும். பாதத்தைத் தொங்கவிட்டுக் கட்டினால் எழுந்து நின்றதும் கயிறு தளர்ந்துவிடும். கயிற்றை அடியிலிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்து வரவேண்டும். மேலே மட்டும் இழுத்தால் கணுவுக்குமேல் வெட்டும், குதிகால் ஆடும். பிறகு பட்டைகள். முக்கியமானது வெளிப்பக்கப் பட்டை: மேற்பாதத்தின் குறுக்கே உள்பக்கம் போய், அடியில் சுற்றி, வெளிக்கணுப் பக்கமாக மேலேறி ஒட்ட வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பைத் தூக்கிப் பிடிக்கும் அந்த மேல்நோக்கிய இழுவைதான் பாதம் உள்ளே மடங்காமல் தடுக்கிறது. ஆட்ட நடுவில், இடைவேளையில், இந்தப் பட்டைகளை மறுபடி இழுத்து ஒட்டலாம். பிரேஸுக்குப் பதில் காலில் ஒட்டிச் சுற்றும் கெட்டி டேப்பில் இந்த வசதி கிடையாது. வியர்வையிலும் ஓட்டத்திலும் அரைமணி நேரத்துக்குள்ளேயே அது நன்றாகத் தளர்ந்துவிடும்.

குறைகள் உண்டு. மண் கிரவுண்டில் வெல்க்ரோவில் புழுதியும் நூலும் ஏறி ஒட்டாமல் போகும். பழைய பல் பிரஷால் சுரண்டி எடுக்க வேண்டும். துவைக்கும்போது பட்டைகளை ஒட்டிவைத்து, பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பட்டைகள் கழற்றும்படி இருந்தால் கழற்றி, பச்சைத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயவைக்கவும்.

பிரேஸ் மாட்டினால் மட்டும் போதாது. ஜவ்வு கிழிந்தபோது, கால் எப்படி நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிவிடுகிறது. சுளுக்கிய காலே மறுபடி சுளுக்குவது பெரும்பாலும் அதனால்தான். ஒற்றைக்காலில் 30 நொடி நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, ரப்பர் பேண்டை எதிர்த்துப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுவது, ஒற்றைக்காலில் குதிகால் தூக்குவது: பிசியோ சொல்லும் இந்தப் பயிற்சிகளைச் சில வாரங்களாவது விடாமல் செய்ய வேண்டும். அடிபட்ட காலில் வலியில்லாமல் நொண்டியடித்து, நல்ல காலின் தூரத்தை ஏறக்குறைய எட்டி, ஓடித் திடீரென்று திரும்பவும் முடிந்த பிறகே ஆட்டத்துக்கு அனுப்புங்கள்.

மண்ணில் வெறுங்காலோடு கபடி ஆடும் பிள்ளைக்கு இதை வாங்க வேண்டாம். ஷூவுக்குள் இருக்கும்படி செய்த பொருள் இது. வெறுங்காலில் அடிப்பட்டை மண்ணில் தேய்ந்து அறுந்துபோகும், பாதமும் வழுக்கும். அந்தப் பிள்ளைக்கு டேப் கட்டத் தெரிந்த பிசியோவையோ பி.டி. சாரையோ பிடியுங்கள். கபடிக்கு விரிக்கும் மேட் (mat) மேல் ஷூ போட்டு ஆடுகிறவர்களானால், பிரேஸையும் சாக்ஸையும் கையோடு எடுத்துப்போய், அதை மாட்டிக்கொண்டே அடுத்த ஷூவைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.